எக்ஸ்ரே சரி, முழங்கால் சரியில்லை: பிணைநார்க் காயத்தை அறிந்து நடந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்து மைதானங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் தீர்ப்பு "சுளுக்குத்தான்" என்பதாகும். மறுநாள் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொன்னதும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். இரண்டு மூன்று கிழமைகளில் வீக்கம் வற்றி நடை சீரானதும் பிள்ளை மறுபடியும் விளையாட இறங்கிவிடுகிறது. முழங்காலின் உள்ளே எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் பிணைநார் ஒன்று முற்றாக அறுந்திருந்தாலும் இவையெல்லாம் இப்படியே நடக்கக்கூடும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பிணைநார் தெரியாது. வீக்கம் வற்றுவது உள்ளே கசிந்த இரத்தம் உறிஞ்சப்பட்டதற்கு அடையாளமே தவிர, அறுந்தது பொருந்தியதற்கு அடையாளமன்று. எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருந்து முதல் விழுகையில் தப்பிய கசியிழையம் அடுத்த விழுகையில் நசிந்து கிழிவதும், இளவயதிலேயே மூட்டுத் தேய்வு தொடங்குவதும் பல வேளைகளில் இந்த இடைக்காலக் கவனயீனத்தால் நேர்பவை. விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோர், பொறுப்பாசிரியர்கள், கழகப் பயிற்றுநர்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கால் அடிபட்டவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு, காயம் பட்ட நிமிடத்திலிருந்து மைதானத்துக்குத் திரும்பும் நாள்வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் நான்கு பிணைநார்கள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்பவை இரண்டு. அவற்றுள் முன்குறுக்குப் பிணைநார், அதாவது விளையாட்டுச் செய்திகளில் ஏசிஎல் என்று அடிபடுவது, கணைக்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் தடுக்கிறது. பின்குறுக்குப் பிணைநார் அது பின்னால் தள்ளப்படாமல் காக்கிறது. மற்றைய இரண்டும் மூட்டின் உட்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் இருந்து, கால் பக்கவாட்டில் வளையாமல் பிடிக்கின்றன. இரு எலும்புகளுக்கும் இடையில் மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவக் கசியிழையத் தட்டுகள் இரண்டு உண்டு. உடற்பாரத்தைப் பகிர்ந்து தாங்குபவை இவையே. இவை கெட்டால் மூட்டுத் தேய்வு விரைவாக வரும்.

எந்தப் பிணைநார் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதை விழுந்த விதமே பாதி சொல்லிவிடும். முன்குறுக்குப் பிணைநார் அறுவதற்குப் பெரும்பாலும் ஒருவரும் இடிக்க வேண்டியதில்லை. கரப்பந்தாட்டத்தில் எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதும், உதைபந்தாட்டத்தில் ஓடிவந்த வேகத்தில் பாதத்தை ஊன்றி உடலைச் சட்டெனத் திருப்பும்போதும் அது அறுகிறது. வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்த கையோடு நின்றுவிட வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்தத் திடீர் நிறுத்தத்தின் முழு விசையும் முழங்காலுக்கே போகிறது. பூப்பெய்திய வயதிலிருந்து, ஒரே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகமாக ஏற்படுகிறது என்பதைப் பெண்கள் பாடசாலைகளின் பயிற்றுநர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒருவர் வந்து மோதினால் உட்பக்கப் பிணைநார் இழுபடும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, மடிந்த முழங்காலின் முன்பக்கம் தார் வீதியில் அடிபட்டால் பின்குறுக்குப் பிணைநாரைச் சந்தேகிக்க வேண்டும்.

பாரதூரமான காயத்தின் அடையாளங்கள்

முன்குறுக்குப் பிணைநார் அறுந்தவர்களிற் பலர், "உள்ளுக்கை ஏதோ டொக்கெண்டு கேட்டது" என்று சொல்வார்கள். சில வேளை பக்கத்தில் நின்றவருக்கும் அந்த ஒலி கேட்டிருக்கும். கேட்கவில்லை என்பதால் அறவில்லை என்று கொள்ளவும் கூடாது.

ஒலியைவிட நம்பத்தக்கது வீக்கம் வந்த நேரம். அடிபட்டு இரண்டு மணித்தியாலங்களுக்குள், அல்லது அன்று இரவுக்குள், முழங்கால் உருண்டு திரண்டு வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். எலும்பு முறிவு இல்லாமல் இவ்வாறு இரத்தம் கட்டியவர்களிற் பெரும்பாலானோருக்கு முன்குறுக்குப் பிணைநாரே கிழிந்திருக்கும். மறுநாட் காலையில் மெல்ல எழும்பும் வீக்கம் மெனிஸ்கஸ் கிழிவிலோ சிறு இழுபடலிலோ வருவது வழக்கம். ஆகவே வீக்கம் தொடங்கிய நேரத்தைக் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். முடிந்தால் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். பின்னர் வைத்தியருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் குறைவு.

மூன்றாவது அடையாளம், எழுந்து நின்று ஓரடி வைத்தாலும் முழங்கால் தன்னிலிருந்து வழுகி மடிவதுபோன்ற உணர்வு. நோவு இல்லாதபோதும் இது வரும். நோவு குறைவாக இருக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம்: முற்றாக அறுந்த பிணைநாரில் இழுபட நார் இல்லாததால், பாதி கிழிந்ததைவிட அது குறைவாகவே நோகலாம். நான்காவதாக, முழங்கால் ஒரு கோணத்தில் சிக்கிக்கொண்டு முழுவதும் நீட்ட முடியாமற் போனால், கிழிந்த மெனிஸ்கஸ் துண்டொன்று மூட்டுக்குள் மடிந்து கிடக்கலாம். அதை ஒருபோதும் பலவந்தமாக நீட்டிப் பார்க்கக் கூடாது. சில நாட்களுக்குள் நிபுணரின் பார்வைக்குப் போக வேண்டிய நிலை அது.

மைதானத்தில் முதல் பத்து நிமிடங்கள்

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். "எழும்பி ரெண்டடி நடந்து பார், சரியாப் போடும்" என்று சொல்லும் அண்ணாமார் எல்லா மைதானத்திலும் இருப்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கக் கூடாது. காலை இழுத்துவிடவும் மடக்கி நீட்டவும் முன்வருபவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அன்றைய ஆட்டம் அவருக்கு அத்துடன் முடிந்தது. நோவு போய்விட்டது என்று அவரே கெஞ்சினாலும், டொக்கென்ற ஒலியோ வழுகும் உணர்வோ வீக்கமோ இருந்தால் மறுபடி இறக்கக் கூடாது.

அடுத்து பாதத்தைப் பாருங்கள். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பாதத்தின் மேற்பக்கத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரே மேலே கணுக்காலை நோக்கிச் செல்லும் பள்ளத்தில் இரண்டு விரல்களை மென்மையாக வைத்தால் நாடித்துடிப்புத் தெரியும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். வைத்துவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். அடிபடாத காலில் முதலில் கண்டுபிடித்துவிட்டு மற்றதில் தேடுவது எளிது. சிலருக்கு இயல்பிலேயே இந்த இடத்தில் துடிப்பு அகப்படாது என்பதால் பாதத்தின் நிறத்தையும் சூட்டையும் சேர்த்தே கணியுங்கள். பின்னர் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல பிணைநார்கள் ஒன்றாக அறுந்து முழங்கால் மூட்டே விலகும்போது, அதன் பின்புறத்தால் செல்லும் நாடி கிழிந்துவிடக்கூடும். மூட்டு தானாகவே மீண்டும் பொருந்திக்கொண்டு, பார்வைக்குச் சாதாரண வீக்கம்போலத் தெரிவதும் உண்டு. இரத்தவோட்டம் நின்ற காலைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணித்தியாலங்களே இருக்கின்றன. எனவே பாதம் குளிர்ந்தோ வெளிறியோ மரத்தோ இருந்தால், பெருவிரல் தூக்க முடியாமற் போனால், முழங்காலின் வடிவம் கோணியிருந்தால், எலும்பு தெரியும் காயம் இருந்தால், அல்லது மருந்துக்கும் அடங்காமல் கெண்டைக்கால் கல்லுப்போல இறுகி நோவு ஏறிக்கொண்டே போனால், ஒரு கணமும் தாமதியாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது; கட்டணம் இல்லை. அழைக்கும்போது "கால் அடிபட்டுட்டுது" என்று மட்டும் சொல்லாமல் "பாதம் குளிர்ந்திட்டுது, துடிப்பு இல்லை" என்று சொல்லுங்கள். நெடுந்தீவில் இருப்பவர்களுக்குக் குறிகட்டுவான்வரையான கடற்பயணமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் தீவின் வைத்தியசாலைக்கு அப்போதே அறிவித்துவிட வேண்டும்.

இத்தகைய ஆபத்து அடையாளங்கள் இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். காலை அசையாமல் வைத்து ஆறுதலாகக் கொண்டுபோகலாம். தடித்த காட்போட் பெட்டியொன்றைப் பிரித்துத் தொடையின் நடுவிலிருந்து கணுக்கால்வரை அரைவட்டமாகச் சுற்றி, உள்ளே துவாயை மடித்து வைத்து, முழங்காலுக்கு மேலும் கீழும் துணியால் கட்டினால் போதுமான பிடி கிடைக்கும். துடுப்பாட்ட மைதானத்தில் என்றால் காற்காப்பே இருக்கிறது. பட்டிகளை இறுக்காமல் போட்டுவிடலாம். கால் எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே கட்டுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவது நம்மூரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது, தயவுசெய்து தவிருங்கள். ஓட்டோவானால் பின் ஆசனத்தில் குறுக்காக இருத்தி, கால் ஆசனத்தின்மேலேயே கிடக்க, பக்கத்தில் ஒருவர் தாங்கிப்பிடிக்க வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

ஓய்வு, குளிர், கட்டு, உயர்வு ஆகிய நான்கும் போதும். ஐஸை ஈரத்துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைக்கலாம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், மீன் சந்தையில் வாங்கிய ஐஸ் கட்டியை நொறுக்கிச் சொப்பிங் பையில் கட்டினாலும் அதே பயன்தான். வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்துவிடும். நீரிழிவால் காலில் உணர்வு மங்கியவர்கள் இன்னும் கவனமாக, குறைந்த நேரமே வைக்க வேண்டும்.

கிரேப் பண்டேஜைக் கெண்டைக்காலின் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, தொடையின் நடுவரை மேல்நோக்கிச் சுற்றுங்கள். கட்டி முடித்தபின் கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளிறிய நகம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம். இரவில் கழற்றிவிடலாம். படுக்கும்போது கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் தலையணையை முழங்காலுக்கு நேர் கீழே வைக்காமல் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து ஒரு கிழமை படுத்தவருடைய கால் அந்த மடிந்த நிலையிலேயே இறுகிப்போய், பின்பு நீட்டப் பெரும்பாடு பட வேண்டிவரும். ஆரம்ப நாட்களில் இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

நோவுக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு வில்லைகளை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ப அளவு மாறும். டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றைப் பாமசியில் தாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். இரைப்பைப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை கேடு விளைவிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு பரவும் காலத்தில் கூடவே காய்ச்சலும் இருந்தால், அவை இரத்தக் கசிவை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எண்ணெய், பத்து, பரியாரியார்

முறிவு நெறிவு வைத்தியம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய ஒன்று. பரம்பரையாகச் செய்துவரும் பரியாரியார்மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை ஏளனம் செய்வது எனது நோக்கமன்று. ஆனால் புதிதாக இரத்தம் கசிந்த மூட்டில் முதல் மூன்று நாட்களுக்குள் எண்ணெய் பூசி உருவுவதும், சுடுபுக்கை வைப்பதும், காலை இழுத்துத் திருகுவதும் கசிவைக் கூட்டும். பாதி கிழிந்த நாரை முழுவதாக அறுக்கவும் கூடும். மட்டை வைத்து இறுகக் கட்டுவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே வீக்கம் ஏறஏறக் கட்டு இறுகி இரத்தவோட்டத்தை நிறுத்திவிடும். பரியாரியாரிடம் போகத்தான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் வற்புறுத்தினால், எக்ஸ்ரேயும் வைத்தியரின் பரிசோதனையும் முடிந்த பிறகு போவோம் என்று பேசி இணங்க வையுங்கள். அநேகர் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

வைத்தியசாலையில்

முழங்கால் அடிபட்ட எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை. வயது 55 அல்லது அதற்கு மேல், முழங்காற்சில்லை மட்டும் தொட்டால் நோவு, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் துருத்தும் எலும்பு முனையில் நோவு, 90 பாகைக்கு மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் வைத்தியசாலையிலும் நாலடி எடுத்துவைக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் ஒட்டாவா விதி. சாவகச்சேரி, பருத்தித்துறை, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே முதலிற் காட்டலாம். மேலதிக சிகிச்சை வேண்டுமானால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பார்கள். அரச வைத்தியசாலைகளில் இவையெல்லாம் இலவசம்.

வைத்தியர் கேட்கும் சில கேள்விகளில்தான் நோய்நிர்ணயத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

"தம்பி, விழுந்தாப் பிறகு திரும்ப எழும்பி விளையாடினனீரோ?"

"இல்லை டொக்டர், காலை ஊண்டினதும் மடிஞ்சு போச்சு."

"எத்தினை மணித்தியாலத்திலை வீங்கினது?"

"வீட்டை போய்ச் சேர முந்தியே வீங்கிட்டுது."

இந்த இரண்டு பதில்களே வைத்தியரை முன்குறுக்குப் பிணைநாரின் பக்கம் திருப்பப் போதுமானவை. நெரிசலான கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் கொஞ்சம் என்பதால், "கால் நோகுது டொக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் பனடோலும் பூசுமருந்தும் எழுதித் தந்து அனுப்பப்படலாம். அது வைத்தியரின் பிழை மட்டுமன்று. பெற்றோர் பிள்ளையை முந்திக்கொண்டு பதில் சொல்வதையும் தவிர்க்க வேண்டும், விழுந்தது பிள்ளைதான்.

முழங்காலை 20 முதல் 30 பாகைவரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கணைக்காலை முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் லக்மன் பரிசோதனை முன்குறுக்குப் பிணைநாருக்கு மிக நம்பகமானது. வீட்டில் ஒருவரும் அதைச் செய்து பார்க்கக் கூடாது. முதல் நாளில் நோவும் வீக்கமும் தசையை இறுக்கிவைத்திருப்பதால், தேர்ந்த கைக்கும் அது தெளிவாகத் தெரியாமற் போகலாம். ஆகவே "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டாலும், ஒரு கிழமை அல்லது பத்து நாட்களில் மறுபடியும் காட்ட வேண்டும். அந்த இரண்டாம் பரிசோதனையைத் தவறவிடுவதால்தான் நம்மிடையே பல கிழிவுகள் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன. வீடு திரும்புமுன், "எலும்பு சரி, பிணைநார் எப்படி? எப்போது திரும்பக் காட்ட வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை கிழிவையும் மெனிஸ்கஸின் நிலையையும் காட்டும். தனியாரிடம் காசு கொடுத்து எடுக்க எண்ணுபவர்கள், முதலில் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கையால் பரிசோதித்து அது தேவை என்று சொல்லும்வரை பொறுத்திருப்பது நல்லது.

ஏமாற்றும் கிழமைகள்

மூன்றாம் கிழமையிலிருந்து முழங்கால் ஏறக்குறையச் சாதாரணமாகத் தோன்றத் தொடங்கும். நேர்கோட்டில் நடப்பதற்கும், ஏன், மெதுவாக ஓடுவதற்கும்கூட முன்குறுக்குப் பிணைநார் அவ்வளவு தேவைப்படுவதில்லை. திரும்பும்போதும், வெட்டி ஓடும்போதும், குதித்து இறங்கும்போதுமே அதன் இல்லாமை வெளிப்படும். பேருந்திலிருந்து இறங்கித் திரும்பும்போதோ, ஈரமான கிணற்றடிச் சீமெந்தில் காலை மாற்றி வைக்கும்போதோ முழங்கால் ஒருமுறை வழுகினால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வழுகலும் மெனிஸ்கஸை இரு எலும்புகளுக்கும் இடையில் அரைக்கிறது. நோய் நிர்ணயமாகும்வரை உதைபந்து, கரப்பந்து, வலைப்பந்து, கபடி எதுவும் வேண்டாம். நேர்த்திக்கடனுக்குக் காவடி எடுத்து ஆடுவதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். சுழன்றாடும் ஒவ்வோர் அடியும் முழங்காலைத் திருகுகிறது.

சத்திரசிகிச்சை வேண்டுமா

உட்பக்கப் பிணைநார் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை. கீல் வைத்த முழங்கால் பட்டியும் பயிற்சியும் சில கிழமைகளில் ஆற்றிவிடும். தனித்த பின்குறுக்குப் பிணைநார்க் கிழிவுகளிலும் பல இவ்வாறே ஆறுகின்றன. முன்குறுக்குப் பிணைநார் முற்றாக அறுந்தால் பழைய உறுதியோடு தானாகப் பொருந்துவது அரிது. அதற்காக எல்லோரையும் மேசையில் ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. சுவீடனில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்றில், இக்காயம் பட்ட 121 இளவயதினரில் ஒரு பாதியினருக்கு ஆரம்பத்திலேயே சத்திரசிகிச்சையும், மறு பாதியினருக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் சத்திரசிகிச்சையும் அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் பின் இரு பகுதியினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பயிற்சியில் தொடங்கியவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காலத்துக்குள் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை.

எனவே முடிவு ஆளைப் பொறுத்தது. வெட்டித் திரும்பும் விளையாட்டை விட முடியாத இளைஞர், பயிற்சி செய்தும் முழங்கால் வழுகிக்கொண்டே இருப்பவர், தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிவும் சேர்ந்தவர், பல பிணைநார்கள் அறுந்தவர் ஆகியோருக்குச் சத்திரசிகிச்சை பொருந்தும். மேசையில் இருந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டுத் தீர்மானிக்கலாம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் "உடனே ஒப்பரேசனைச் செய்விச்சுப் போடுங்கோ, காசை நாங்கள் அனுப்புறம்" என்று அவசரப்படுத்துவது உண்டு. சிக்கிய மெனிஸ்கஸ் போன்ற காரணம் இல்லாவிட்டால் இதில் அவசரம் நன்மை செய்யாது. வீக்கம் வற்றி, கால் முழுவதும் நீண்டு, தொடைத்தசை விழித்தபின் செய்தால்தான் மூட்டு இறுகாமல் தப்பும். அதற்குச் சில கிழமைகள் வேண்டும். சத்திரசிகிச்சையில் அறுந்த நாரைத் தைப்பது வழக்கமன்று. தொடையின் பின்பக்கத் தசைநாணிலிருந்தோ முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலிருந்தோ ஒரு கீற்றை எடுத்து, சிறு துளைகளின் வழியே புதிய பிணைநாராகப் பொருத்துகிறார்கள்.

மீண்டு வரும் மாதங்கள்

சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் உண்மையான சிகிச்சை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) நடக்கிறது. முதல் இலக்கு முழங்காலை முழுவதும் நீட்டுவது. குதிக்காலைச் சுருட்டிய துவாயின்மேல் வைத்து, முழங்காலின் பின்புறம் அந்தரத்தில் நிற்க, ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அத்துடன் தொடையின் முன்தசையை இறுக்கி, முழங்காற்சில்லு மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்து, ஐந்து நொடி பிடித்து விடுங்கள். இத்தசை சில நாட்களிலேயே மெலிந்துபோகும். அடிபடாத தொடையோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும். அடுத்ததாகக் குதிக்காலைப் பாயில் இழுத்து மடக்குவது, நேராக நீட்டிய காலைத் தூக்குவது, பின்னர் நிலையான சைக்கிள், பாதியளவு குந்தி எழுவது எனப் படிப்படியாகப் பாரம் கூடும்.

வீட்டையும் சற்று மாற்ற வேண்டும். குந்தும் மலசலகூடத்துக்குக் கொமோட் கதிரை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மணம் கொட்டி நிலத்தில் இருந்து சாப்பிடுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்துங்கள். ஊன்றுகோலோடு கிணற்றடிக்குப் போகாமல், கதிரையில் இருத்தி வாளியில் தண்ணீர் கொடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சுட்டாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்னையது கிருமித் தொற்றாகவும் பின்னையவை இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம்.

மைதானத்துக்குத் திரும்புதல்

சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு மெல்லோட்டம் பொதுவாக மூன்று நான்கு மாதங்களின்பின் தொடங்கும். போட்டிக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏற்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக 2016 இல் வெளியான நோர்வே ஆய்வு காட்டியது. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் வடக்கின் பெரும் போர் என்னும் துடுப்பாட்டப் போட்டி பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். புரட்டாதியில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மாணவனுக்கு அப்போது ஆறு மாதமே ஆகியிருக்கும். பாடசாலைக் காலத்தின் கடைசிப் பெரும் போர் என்பதற்காகப் பழைய மாணவர்களும் பயிற்றுநரும் அவனை இறக்க நெருக்கினால், மறுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே.

நாட்காட்டி மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடைத்தசைப் பலம் மற்றக் காலின் 90 வீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் எம்பிக் கடக்கும் தூரமும் அவ்வாறே. வெள்ளைக் கோடொன்றை இழுத்து, ஒவ்வொரு காலாலும் மூன்று முறை எம்பி, இறங்கி ஆடாமல் நின்ற தூரத்தை அளவுநாடாவால் அளந்தால் இதற்கு வேறு கருவி வேண்டியதில்லை. ஆனால் இயன்மருத்துவர் அனுமதித்த பிறகே செய்ய வேண்டும். 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்புபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரண்டாம் முறையும் முன்குறுக்குப் பிணைநார் அறுகிறது; அது அதே காலாகவும் இருக்கலாம், இதுவரை நல்லதாக இருந்த மற்றக் காலாகவும் இருக்கலாம்.

அதனால் பயிற்சி இரு கால்களுக்குமாகத் தொடர வேண்டும். ஃபிஃபா 11+ என்ற சூடாக்கல் பயிற்சி ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். பந்தைத் தவிர வேறு உபகரணம் கேட்காது. கிழமைக்கு இரண்டு தடவையாவது முழு அணியும் செய்தால் முழங்கால் காயங்கள் வெகுவாகக் குறையும். பயிற்றுநர்கள் இன்னொன்றையும் செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையையும் முழங்கால் உயரமுள்ள வாங்கொன்றிலிருந்து குதிக்கவிட்டு, முன்னால் நின்று கைத்தொலைபேசியில் மெதுவேகத்தில் படம் பிடியுங்கள். நிலத்தைத் தொடும் கணத்தில் இரு முழங்கால்களும் பாதவிரல்களுக்கு நேரே நிற்கின்றனவா, அல்லது ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிகின்றனவா என்று பாருங்கள். சரிகிற பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டி, இடுப்பையும் முழங்காலையும் மடித்து ஓசைப்படாமல் இறங்கப் பழக்கிவிட்டு, ஒரு மாதத்தின்பின் மறுபடியும் படம் எடுத்துப் பாருங்கள்.